கமிட்மெண்ட் சொல்லுங்க, பரமக்குடி!

வங்கிகளில் நடக்கும் ஊழியர் கூட்டங்களால் ஒரு பயனும் இல்லை என்று சொல்பவர்கள் நன்றி கெட்டவர்கள். எந்தக் கல்லூரியிலும் கிடைக்காத படிப்பு அங்கேதான் கிடைக்கிறது. கையில் இல்லாத எண்ணை இருப்பதாகச் சொல்வது, காதில் விழுந்த வசவை விழாததுபோல முகத்தை வைத்துக்கொள்வது, கறவை மாட்டுக்குக் கடன் கேட்டு வந்தவர் தலையில் ஆயுள் காப்பீட்டைக் கட்டி அனுப்புவது... இதெல்லாம் யாருக்கும் பிறவியிலேயே வருவதில்லை. இன்ஜினியரிங் முடித்து, ஐ.பி.பி.எஸ். தேர்வுக்கு ராப்பகலாகப் படித்து, வேலை கிடைத்த செய்தி கேட்டு அம்மா குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்து அனுப்பிய பிள்ளைக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. இரண்டு வருடக் கூட்டங்களில் எல்லாம் தெரிந்துவிடுகிறது. ஊழியர் மேம்பாடு நடக்கவில்லை என்று யார் சொன்னது? அமோகமாக நடக்கிறது.

வகுப்பு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். வாடிக்கையாளர் நேரம் முடிந்து ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். காசாளர் இன்னும் கணக்கு நேர் செய்துகொண்டிருப்பார். ஐந்நூறு ரூபாய் இடிக்கும். அந்த நேரத்தில் மேலாளரின் கைப்பேசியில் வீடியோ கான்பரன்ஸ் இணைப்பு வந்து விழும். திரையில் கட்டம் கட்டமாக நாற்பது ஐம்பது முகங்கள். இந்த வகுப்பில் யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்ப்பெயர்தான். ஒருவர் பரமக்குடி, ஒருவர் அருப்புக்கோட்டை, ஒருவர் மானாமதுரை. வட்டார மேலாளர் எக்செல் தாளைத் திறந்து, சிவப்பு நிறம் பூசிய கடைசி வரியிலிருந்து மேலே வருவார். முதல் வரியில் பச்சை நிறத்தில் இருப்பவர் என்ன செய்து அங்கே போனார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டுத் தொலைத்தால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

"பரமக்குடி, இன்சூரன்ஸ்ல இன்னைக்கு என்னங்க?"

"சார், இன்னைக்கு நில் சார். ரெண்டு லீடு இருக்கு சார்."

"லீடை வச்சு நான் என்ன பண்றது? நாளைக்கு எத்தனை?"

"ரெண்டு பண்ணிடறேன் சார்."

"ரெண்டா? உங்க பக்கத்து பிராஞ்ச் நாலு சொல்லியிருக்காரு."

"நாலு பண்ணிடறேன் சார்."

"கமிட்மெண்ட்டா?"

"கமிட்மெண்ட் சார்."

ஆக, பாடம் ஒன்று முடிந்தது. அரை நிமிடத்தில் இரண்டு நாலானது. இடையில் பரமக்குடியில் எதுவும் மாறவில்லை. புதிதாக யாரும் அங்கே பிறக்கவில்லை, யாருக்கும் சம்பளம் கூடவில்லை, கண்மாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. பக்கத்துக் கிளைக்காரர் சொன்ன நாலும் இப்படித்தான் பிறந்தது என்பது பரமக்குடிக்குத் தெரியும். வட்டார மேலாளருக்கும் தெரியும். அவர் தமக்கு மேலே இருக்கும் மண்டல அலுவலகக் கூட்டத்தில் நாற்பதை எண்பதாக்கிவிட்டு, அந்த எண்பதைக் கீழே பங்கு போடத்தான் இந்தக் கூட்டத்தையே கூட்டியிருக்கிறார். மொத்த ஏணியிலும் உண்மை எண் தெரியாதவர் ஒருவருமில்லை. அதைச் சொல்ல ஒருவருக்கும் நாக்கில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பயிர்க்கடன் புதுப்பிக்க ஒரு விவசாயி வருவார். அவர்தான் அந்த நாலில் முதலாவது. "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கய்யா, இது கடனுக்குப் பாதுகாப்பு" என்பார்கள். என்ன பாலிசி, எத்தனை வருடம் கட்ட வேண்டும், அடுத்த வருடம் கட்டாவிட்டால் இந்த வருடம் கட்டியது என்னவாகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. கையெழுத்து வாங்குகிற பிள்ளைக்குத் தெரியும். அதனால்தான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்காது. முதல் மாதம் கை நடுங்கியிருக்கும். இப்போது நடுங்குவதில்லை. தேறிவிட்டது.

2023 ஜூன் மாதம் ஒரு வீடியோ நாடெங்கும் சுற்றியது. எச்.டி.எப்.சி. வங்கியின் கொல்கத்தா அதிகாரி ஒருவர், இணையவழிக் கூட்டத்தில் தமக்குக் கீழே வேலை பார்ப்பவர்களை இலக்கை எட்டவில்லை என்று காது கூசும்படி கத்திக்கொண்டிருந்தார். வங்கி அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தது. இத்தகைய நடத்தையைத் துளியும் பொறுக்க மாட்டோம் என்று அறிக்கையும் விட்டது. தேசம் பெருமூச்சு விட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டது. எனக்கு அந்த அதிகாரிமேல்கூட அவ்வளவு கோபமில்லை. அவரும் இதே பள்ளிக்கூடத்தில் படித்துத் தேறியவராகத்தான் இருக்க வேண்டும்; ஒருவர் திடீரென்று ஒரு சாயங்காலத்தில் அப்படிக் கத்தக் கற்றுக்கொள்வதில்லை. அவர் செய்த குற்றம் ஒன்றுதான்: யாரோ பதிவு செய்துகொண்டிருந்தபோது கத்தியது. அதே பாடத்தை அதே சாயங்காலம் குரலை உயர்த்தாமல், சிரித்த முகத்தோடு, "உங்களுக்கு டிரான்ஸ்பர் வேணும்னா சொல்லுங்க, அஸ்ஸாம்ல நல்ல கிளைமேட்" என்று நடத்திக்கொண்டிருந்தவர்கள் மேல் யார் நடவடிக்கை எடுத்தார்கள்? அவர்களுக்குப் பதவி உயர்வு வந்திருக்கும்.

இதெல்லாம் மறுஆய்வுக் கூட்டம், உண்மையான ஊழியர் கூட்டம் வேறு என்று மனிதவளத் துறைக்காரர்கள் ஆட்சேபிப்பார்கள். சரிதான், அதுவும் உண்டு. ஒன்றல்ல, பல உண்டு. கிளைக்குள் மாதாந்திர ஊழியர் கூட்டம், முறைகேடுகளைத் தடுக்கும் விழிப்புக் குழு, அலுவல் மொழிக் குழு. (அலுவல் மொழி விதிகள், 1976 தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்று அந்த விதிகளின் முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறது. ஆனாலும் இந்தி வளர்ந்த கதையைக் கேட்க இங்கே குழு உண்டு, அறிக்கை உண்டு, கேடயம் உண்டு.) இவற்றோடு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கும் வாடிக்கையாளர் சேவைக் குழு. ஒவ்வொரு கிளையிலும் அது இருக்க வேண்டும், வாடிக்கையாளர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அதில் ஒரு மூத்த குடிமகன் இருந்தால் நல்லது, மாதம் ஒரு முறையாவது கூட வேண்டும். காகிதத்தில் படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும்.

நடப்பு என்ன? பல கிளைகளில் மினிட்ஸ் புத்தகம்தான் கூடுகிறது, மனிதர்கள் கூடுவதில்லை. ஆடிட்டர் வருகிறார் என்று தெரிந்த அன்று, நிறுத்தி எழுதத் தெரிந்த ஒரு எழுத்தர் உட்கார்ந்து விட்டுப்போன மாதங்களையெல்லாம் நடத்தி முடிப்பார். ஏப்ரலில் குடிநீர் வசதி பற்றி விவாதிக்கப்பட்டது. மே மாதம் மேலாளர் ஊழியர்களைப் பாராட்டினார். ஜூனில் வாடிக்கையாளர்கள் திருப்தி தெரிவித்தனர். பேனாவின் மை மாற வேண்டாமா என்று கேட்காதீர்கள், அனுபவசாலிகள் இரண்டு பேனா வைத்திருப்பார்கள். மூத்த குடிமகன் கையெழுத்துக்கும் கஷ்டமில்லை. உயிரோடிருக்கிறேன் என்று சான்று கொடுக்க நவம்பரில் வரும் ஓய்வூதியர் யாரையாவது பிடித்தால், அவர் அதோடு சேர்த்து வருடம் முழுவதும் நடந்த கூட்டங்களில் கலந்துகொண்டதற்கும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். எங்கே போடச் சொன்னாலும் போடுவார், பாவம். பென்ஷன் நின்றுவிடக் கூடாதே.

கூட்டத்தை இன்னும் சுவையாக்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு அவ்வப்போது ஞானோதயம் வரும். உடனே ஒரு ஓட்டல் மாடியில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஞாயிற்றுக்கிழமைதான், ஏனென்றால் ஊழியர் வளர்வதற்காக வேலை நாளை வீணடிக்க முடியாது. வாசலில் பலூன். உள்ளே போனதும் இரண்டு இரண்டு பேராக நிற்க வைத்துக் கையைக் கோர்க்கச் சொல்வார்கள். பிறகு பந்து எறிவார்கள். ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கிற சீனியர் அக்கா, முட்டிவலியோடு அந்தப் பந்தைப் பிடித்துத் தம் "பலம்" என்னவென்று சொல்ல வேண்டும். பிறகு வருவார் நம்பிக்கைப் பேச்சாளர்.

அவர் கழுகுக் கதையைச் சொல்வார். தமிழ்நாட்டில் ஒரு நிறுவனத்திலாவது ஒரு வருடம் வேலை பார்த்த எவரும் இந்தக் கழுகிலிருந்து தப்பியதில்லை. நாற்பது வயதில் கழுகுக்கு அலகு வளைந்துபோகுமாம். மலையுச்சிக்குப் போய்ப் பாறையில் மோதி அலகை உடைத்துக்கொள்ளுமாம். புது அலகு வளர்ந்ததும் நகங்களைப் பிடுங்குமாம், பிறகு இறகுகளை. ஐந்து மாதம் கழித்துப் புதுப் பிறவி எடுத்து இன்னும் முப்பது வருடம் பறக்குமாம். பறவைகளைப் பற்றி ஒரு பாடப்புத்தகம் படித்தவர்கள்கூட இது சுத்தப் பொய் என்று சொல்லிவிடுவார்கள். அலகை உடைத்துக்கொண்ட கழுகு பட்டினியில் செத்துப்போகும். ஐந்து மாதம் அது எதைத் தின்னும் என்று அந்த அரங்கில் ஒருவராவது கேட்டிருக்க வேண்டும். நாள் முழுக்கக் கள்ளநோட்டுப் பார்த்துப் பிடிக்கும் காசாளர்கள் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த நோட்டை மட்டும் ஒருவரும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதில்லை. எல்லாரும் கைதட்டுவார்கள். ஏனென்றால் அந்தக் கதையின் சாரம் நிர்வாகத்துக்கு ரொம்பப் பிடித்தது: வலி உன்னுடையது, இறகு உன்னுடையது, பிடுங்க வேண்டியவனும் நீயே. பிறகு பிரியாணி. பிறகு, எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பதால், அப்படியே ஒரு சின்ன மறுஆய்வு.

2025 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பொதுத்துறை வங்கி ஒன்றின் முதன்மை மேலாளர், வேலை அழுத்தம் தாங்கவில்லை என்று குறிப்பு எழுதி வைத்துவிட்டுக் கிளைக்குள்ளேயே உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குக் கழுகுக் கதையில் இடமில்லை. ஊழியர் நலன் குறித்து இன்னொரு கூட்டம் நடத்தலாம், மனநலப் பேச்சாளர் ஒருவரைக் கூப்பிடலாம், மூச்சுப் பயிற்சி சொல்லித் தரலாம். மறுநாள் எக்செல் தாளில் அந்தக் கிளைக்கான இலக்கை மட்டும் யாரும் குறைக்க மாட்டார்கள்.

கூட்டத்தில் எதைக் கேட்கிறோமோ அதைத்தான் ஊழியர் உற்பத்தி செய்வார். இது ரகசியமில்லை. 2014இல் ஜன் தன் கணக்குகள் தொடங்கியபோது எத்தனை கணக்கு என்று கேட்டார்கள், கணக்குகள் குவிந்தன. பாதிக்கு மேல் காலிக் கணக்குகளாயிற்றே என்று பேச்சு வந்ததும், கூட்டங்களில் "ஜீரோ பேலன்ஸ் எத்தனை?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்த எண்ணும் சரசரவென்று இறங்கியது. 2016 செப்டம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸ் தோண்டிப் பார்த்தபோது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளில் தலா ஒரு ரூபாய்தான் இருப்பு என்று தெரிந்தது. போட்டவர்கள் ஏழைகள் அல்ல, வங்கி ஊழியர்கள். சிலர் சொந்தப் பையிலிருந்து, சிலர் கேன்டீன் படியிலிருந்து, சிலர் அலுவலகச் செலவுக் கணக்கிலிருந்து. ஏழையின் வறுமையை ஒரு ரூபாயில் ஒழிக்கலாம் என்று எந்தப் பொருளாதார மேதைக்குத் தோன்றியது? மறுஆய்வுக் கூட்டத்துக்குத் தோன்றியது.

அமெரிக்காவில் இதே பாடத்திட்டத்தைப் பெரிய அளவில் நடத்திப் பார்த்தார்கள். வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையிலும் எட்டுச் சேவைகளைக் கட்ட வேண்டும் என்பது மந்திரம். ஏன் எட்டு? ஆங்கிலத்தில் எட்டும் 'கிரேட்'டும் இயைபாக வருகின்றன என்று வங்கித் தலைவர் ஜான் ஸ்டம்ஃப் ஆண்டறிக்கையிலேயே எழுதினார். நம் வட்டார மேலாளருக்கு நாலு எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் வியக்க வேண்டாம். கிளைகள் ஒரு நாளில் பல முறை மேலே கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது என்று 2013இலேயே லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் எழுதியது. 2016இல் குட்டு உடைந்தபோது, வாடிக்கையாளருக்குத் தெரியாமலே திறந்த கணக்குகளும் கடன் அட்டைகளும் சுமார் 20 லட்சம் இருக்கலாம் என்றார்கள். அடுத்த வருடம் அது 35 லட்சமானது. முதலில் வேலை போனது கீழே இருந்த சுமார் 5,300 பேருக்கு. தலைவருக்கு அதற்குப் பிறகுதான். நியாயம் எந்த நாட்டிலும் கீழ்ப்படியிலிருந்துதான் ஏறி வருகிறது, லிஃப்ட் மேலிருந்து இறங்குவதில்லை.

இங்கே 2024 நவம்பரில் நிதியமைச்சர் வங்கியாளர் மாநாடு ஒன்றில் பேசும்போது, வங்கிகள் காப்பீட்டைத் தவறாகத் தலையில் கட்டுவது கடன் வாங்குவோரின் செலவையே மறைமுகமாகக் கூட்டுகிறது என்று கண்டித்தார். நல்ல பேச்சு. பொதுத்துறை வங்கிகளின் பெரும்பங்கு உரிமையாளர் அரசு என்பதை மறந்துவிட்டுக் கேட்டால் இன்னும் நன்றாக இருக்கும். அந்தப் பேச்சுக்குப் பிறகு கூட்டங்களில் என்ன மாறியது? "கட்டாயப்படுத்தி விற்கவில்லை" என்று வாடிக்கையாளரிடம் கட்டாயமாக வாங்க வேண்டிய கையெழுத்துகளின் எண்ணிக்கை கூடியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

எனக்கு ஆத்திரம் வருவது இந்தக் கூச்சலைவிட, கூச்சலில் முங்கிப்போகும் அறிவை நினைத்து. 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் நகைக்கடன் விஷயத்தில் ஒரு சிக்கல் வந்தது. வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பி வைக்கிற வழக்கத்துக்குத் தடை விழுந்தது. அசலையும் வட்டியையும் முழுசாகக் கட்டி மீட்ட பிறகுதான் மறுபடி வைக்கலாம் என்றார்கள். முழுப்பணம் இருந்தால் ஜனங்கள் எதற்கு நகையை வைக்கிறார்கள்? கிளை வாசலிலேயே ஒருநாள் வட்டிக்குப் பணம் கொடுப்பவர்கள் முளைத்தார்கள். யார் கொடுக்கிறார்கள், என்ன வட்டி, யாருடைய தாலிக்கொடி எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்பதெல்லாம் கிளையின் மூலையில் உரைகல்லோடு உட்கார்ந்திருக்கும் நகை மதிப்பீட்டாளருக்கு அத்துப்படி. பாஸ்புக் பதிந்து தரும் கடைநிலை ஊழியருக்கும் தெரியும். அந்த மதிப்பீட்டாளரை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடுவதில்லை. அவர் கமிஷனுக்கு வேலை பார்ப்பவர், ஊழியர் பட்டியலிலேயே இல்லை. கடைநிலை ஊழியர் கூட்டத்துக்கு வருவார், டீ எடுத்துக்கொண்டு.

வேறு மாதிரியும் கூட்டம் நடத்த முடியும் என்பதற்கு அமெரிக்கா, ஜப்பான் போக வேண்டாம், செங்கோட்டை தாண்டினால் போதும். கேரளத்து மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2004 முதல் ஒரு காரியம் செய்கிறது. பிரசவத்தில் ஒரு பெண் இறந்தால் அந்த மருத்துவக் குறிப்புகளிலிருந்து பெண்ணின் பெயர், மருத்துவர் பெயர், மருத்துவமனைப் பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிடுவார்கள். பிறகு மருத்துவர்கள் உட்கார்ந்து, எந்த இடத்தில் என்ன செய்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று பேசுவார்கள். யாரையும் எழுப்பி நிற்க வைப்பதில்லை, யாரும் கமிட்மெண்ட் கொடுப்பதில்லை. இரத்தப்போக்குதான் அதிகப் பேரைக் கொல்கிறது என்று தெரிந்ததும், அதை நிறுத்துவதற்கு மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 2001-03இல் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 110 ஆக இருந்த தாய் இறப்பு, 2018-20இல் 19. கேரளத்தில் இதற்கு வேறு பல காரணங்களும் உண்டு, எல்லாப் புகழையும் கூட்டத்துக்கே கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஓர் உயிர் போன விஷயத்திலேயே விரல் நீட்டாமல் பேச முடிகிறது. இரண்டு பாலிசி குறைந்ததற்கு நமக்கு முடியவில்லை.

இதை எந்த வங்கியின் தலைமை அலுவலகத்துக்காவது எழுதி அனுப்பினால் தூக்கிப் போடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் நல்ல யோசனைகளை விடவே மாட்டார்கள். ஒரு வாரத்தில் அழகான ஆங்கிலப் பெயரோடு, வண்ணச் சின்னத்தோடு சுற்றறிக்கை வரும். ஒவ்வொரு கிளையும் மாதம் மூன்று தவறுகளை அச்சமின்றி, மனம் திறந்து பகிர வேண்டும். படிவம் இணைக்கப்பட்டுள்ளது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ஏழாம் பத்தியில் பகிர்ந்தவரின் பெயர், ஊழியர் எண், கையெழுத்து. இரண்டு தவறுகளை மட்டும் காட்டிய கிளைகளுக்குச் சிவப்பு. அன்று சாயங்காலம் திரையில் பரமக்குடி மறுபடி பிடிபடுவார்.

"சார், மொத்தமே ரெண்டுதான் சார் நடந்தது."

"அருப்புக்கோட்டை அஞ்சு காட்டியிருக்காருங்க. உங்களுக்கு மட்டும் ஏன் வரலை?"

"நாளைக்குள்ள இன்னும் மூணு பண்ணிடறேன் சார்."